மலையகத்துச் சிறுகடைகள் – 6: நெருக்கடிக் காலத்தில் கைகொடுக்கும் வழிகள்

நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியின் சிறு வியாபாரம் தோட்டத்துச் சம்பளத்தையும் மரக்கறியையும் நம்பி நடக்கிறது. இராகலை, உடப்புசல்லாவ, ஹல்கரனோயா, நில்தண்டாஹின்ன கடைத்தெருக்களிலும் தோட்டங்களுக்குள்ளும் உள்ள சில்லறைக் கடை, சாப்பாட்டுக் கடை, பேக்கரி, தையல் கடை, சலூன், கராஜ் எல்லாவற்றுக்கும் காசு வருவது பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளால்தான். சம்பள நாளில் காசு புழங்கும். மற்ற நாட்களில் அரிசி, மா, சீனி எல்லாம் கடன் கொப்பியில் ஏறும். பெரும்பாலும் வட்டி கிடையாது, பிணையும் கிடையாது. முகத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான்.

இந்தக் கடனுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கங்காணிமார் காலத்தில் தொழிலாளியின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டு, அவரைத் தோட்டத்தோடு கட்டிவைத்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. இன்றைய கடைக்காரருக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் அதிகாரம் எதுவும் இல்லை. தோட்டத்தில் வருமானம் குறைந்தால் அந்தச் சுமை முதலில் அவர் தலையில்தான் இறங்குகிறது.

நெருக்கடி கடைக்கு வந்த வழி

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது தேயிலைச் செடிகள் ஏற்கெனவே வாடியிருந்தன. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது, முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையைப் பல தோட்டங்கள் கூட்டியிருந்தன. மலையில் கொழுந்து குறைய, அந்த நிறையை எட்டுவது அரிதாகி, பலருக்கு அரைப்பேரே விழுந்தது. அரைச் சம்பளம் வாங்கியவர் கடைக் கணக்கில் பாதியைக்கூட அடைக்க முடியவில்லை.

அதே காலத்தில் கடையின் செலவு ஏறியது. 2021 அக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அதே மாதம் மத்திய வங்கி தன் கடன் வட்டி வீதத்தை ஒரேயடியாக 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. விலை நாளுக்கு நாள் மாறியதால், முன்பு தவணை கொடுத்த மொத்த வியாபாரிகள் கைக்காசு கேட்டார்கள். வாங்கும் பக்கம் ரொக்கம், விற்கும் பக்கம் கடன். இப்படியான நிலையில் ஒரு கடை மூடப்படுவதற்கு இலாபம் குறைந்தது மட்டும் காரணமல்ல. அதன் கைமுதல் முழுவதும் கொப்பியில் எழுத்தாக மாறிவிடுவதே பெரிய காரணம்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இன்னொரு விதமான அடி. நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவால் உயிர்களும் வீடுகளும் போயின, வீதிகள் துண்டிக்கப்பட்டன. வலப்பனைக்கு மண்சரிவு புதிதல்ல. 2007 ஜனவரியிலும் இப்பகுதி கடுமையான சரிவுகளைக் கண்டது. பாதை அறுந்தால் கடைக்குச் சரக்கு வராது, தோட்டத்து மரக்கறியும் சந்தைக்குப் போகாது.

முதல் உதவி: பழைய கணக்கு

கடைக்குச் செய்யக்கூடிய முதல் உதவி நன்கொடை அல்ல, நிலுவையை அடைப்பதுதான். மொத்தமாக முடியாதவர் சம்பளத்துக்குச் சம்பளம் ஒரு சிறு தொகையாவது கட்டினால், கடைக்காரர் அடுத்த மூட்டை அரிசியை ரொக்கத்துக்கு எடுக்கலாம். கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை நேராகக் கடைக் கணக்கில் சேர்க்கலாம். அந்தப் பணம் குடும்பத்தின் கடனையும் குறைக்கும், கடையையும் தாங்கி நிறுத்தும்.

இரண்டாவது உதவி, மாதச் சம்பளம் உறுதியாக வருபவர்கள் கைக்காசு கொடுத்து உள்ளூரில் வாங்குவது. ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் நுவரெலியாவின் பெரிய கடைகளில் வாங்கும் பொருளில் ஒரு பங்கை இராகலையில் வாங்கினாலே வித்தியாசம் தெரியும். பாடசாலைச் சீருடையை உள்ளூர்த் தையல் கடையிலும், கோயில் திருவிழாவுக்கான சாமானை உள்ளூர் வியாபாரிகளிடமும் முன்பணம் கொடுத்துச் சொல்லிவைக்கலாம். முன்பணம் வட்டியில்லாத முதலாகும்.

நிவாரணமும் உள்ளூர்க் கடையும்

பேரிடருக்குப் பின் உலருணவுப் பொதிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து லொறியில் வருகின்றன. பாதை அடைபட்ட முதல் நாட்களில் அது அவசியம். பாதை திறந்த பிறகும் அது தொடர்ந்தால், இலவசப் பொருளோடு போட்டியிட முடியாமல் அங்குள்ள கடை படுத்துவிடும். நிவாரணக் குழுக்கள் அதே பொதியை அப்பகுதிக் கடைகளிலேயே வாங்கிக் கட்டினால், ஒரே பணம் இரண்டு பேருக்கு உதவும். உள்ளூர்க் கடைகளில் மட்டும் செல்லும் பொருட்சீட்டும் நல்ல வழி. தென்கொரியா 2009 முதல் பாரம்பரியச் சந்தைகளில் செல்லுபடியாகும் 'ஒன்னுரி' என்ற பரிசுச் சீட்டை வெளியிட்டுவருகிறது.

கடன் எங்கே, எப்படி

வங்கிக் கடனுக்குப் பிணை வேண்டும். லயத்தில் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி இல்லாததால், லயத்து அறையில் கடை வைத்தவருக்கு வங்கியின் கதவு எளிதில் திறப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. வாரத் தவணையும் உயர்ந்த வட்டியும் நாட்டின் பல பகுதிகளில் பெண்களை ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் எடுக்கும் நிலைக்குத் தள்ளின. விற்பனை சுருங்கிய காலத்தில் வாரத் தவணைக் கடன் சிறுகடைக்கு ஆகாது.

அதைவிடப் பாதுகாப்பானது சிக்கனக் கடன் கூட்டுறவு. இலங்கையில் இதன் தொடக்கம் 1906இல் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியப் பகுதியில். இன்று அது சணச இயக்கமாக நாடெங்கும் உள்ளது. உறுப்பினரின் சேமிப்பே முதலாக இருப்பதால் வட்டியும் தவணையும் அவர்கள் கைக்குள் இருக்கும். பெண்கள் நடத்தும் சீட்டிலும், முறையை மாற்றி, இடர்ப்பட்ட கடைக்காரருக்கு முதலில் எடுக்க இடம் கொடுக்கலாம்.

பட்டணத்தில் கட்டடத்தை ஈடுவைத்துக் கடன் எடுத்தவர்களின் சிக்கல் வேறு. 1990ஆம் ஆண்டின் பராட்டே சட்டப்படி, வங்கி நீதிமன்றம் போகாமலே ஈட்டை ஏலத்தில் விடலாம். நெருக்கடியை முன்னிட்டு 2024 டிசம்பர் 15 வரை அரசு அதை இடைநிறுத்தியது, பின்னர் அக்காலம் நீடிக்கப்பட்டது. 2024இல் மத்திய வங்கியின் பணிப்பின்படி வங்கிகளில் வணிகப் புத்துயிரளிப்புப் பிரிவுகள் அமைந்தன. தவணை தவறுவதற்கு முன்பே வரவு செலவுக் கணக்கோடு அங்கே போய் மறுசீரமைப்புக் கேட்பவரின் நிலை, அறிவித்தல் வந்தபின் போகிறவரின் நிலையைவிட மிகவும் நல்லது.

கடைக்காரர் செய்யக்கூடியவை

நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரே லொறியில் சரக்கு எடுத்தால் கூலியும் குறையும், மொத்த விலையும் இறங்கும். கடைக் காசையும் வீட்டுக் காசையும் வேறாக வைக்கவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சம்பளத்துக்கேற்ற கடன் எல்லை ஒன்றை முன்கூட்டியே பேசிவைப்பது, பிற்பாடு மனஸ்தாபத்தைத் தவிர்க்கும். சாப்பாட்டுக் கடைகள் லீக்ஸ், கரட், கோவாவை அயல் விவசாயியிடமே எடுத்தால், தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வரும் லொறிக் கூலியும் இடைத்தரகும் இருவருக்கும் மிஞ்சும்.

இந்த உதவிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிலுவை, அடுத்து ரொக்க வியாபாரம், அதன்பின் உள்ளூரில் செலவாகும் நிவாரணம், கடைசியில் கடன். வரவேண்டிய பணம் வராத கடைக்குப் புதுக் கடன் கொடுத்தால், தோட்டத்தின் சுமை கடைக்காரரின் சுமையாக மாறுமே தவிர, குறையாது.

(தொடரும்)