பிள்ளை கேட்கும் பிராணியும் பெற்றோர் வாங்கும் கூடும்

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களில் பிள்ளைகள் கேட்கும் பொருட்களின் பட்டியல் ஆண்டுக்காண்டு நீண்டு செல்வதை நாம் அறிவோம். முன்னர் துவிச்சக்கரவண்டி, பின்னர் கணினி. இப்பொழுது உயிருள்ள பிராணிகளும் அப்பட்டியலில் இடம்பிடித்துள்ளன. தொடர்மாடி வீட்டில் நாய் வளர்க்க வசதியில்லையென்று தந்தையார் மறுத்துவிட்டால், "அப்படியென்றால் இல்டர் ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று கேட்கும் பிள்ளைகள் ஹொல்ம்லியாவிலும் உளர். கூட்டுக்குள் கிடக்கும் பிராணிதானே, தொல்லை குறைவு என்றெண்ணிப் பெற்றோரும் இணங்கிவிடுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது என்பதனாலேயே இதனை எழுத முற்பட்டோம்.

ஆங்கிலத்தில் ஃபெரெட் எனப்படும் இப்பிராணியை நோர்வேஜியர் இல்டர் என்றும், காட்டில் வாழும் இனத்திலிருந்து வேறுபடுத்தித் தாமில்டர் என்றும் அழைப்பர். 'தாம்' என்றால் பழக்கப்பட்டது என்பது பொருள். தமிழரைக் குறிக்கும் நோர்வேஜியச் சொல்லுக்கும் இச்சொல்லுக்கும் எழுதும்போது ஒரேயோர் எழுத்தே வேறுபாடு. பிள்ளைகள் இதனைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. தோற்றத்தில் ஊர்க் கீரியை நினைவூட்டினும் இது கீரியினம் அன்று. மிங்க், நீர்நாய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியர் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக முயல் வேட்டைக்கு இதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர். முயல் வளைக்குள் நுழைந்து முயலை வெளியே துரத்துவதே இதன் தொழில். துவாரம் எங்குளதோ அங்கு நுழைந்து பார்ப்பது இதன் பிறவிக்குணம் என்பதைக் கூடு வாங்கச் செல்பவர் மறத்தலாகாது.

ஊரிலே நாம் கோழிக்கூட்டுக்கு வலையடித்தது கீரியும் மரநாயும் உள்ளே புகாதிருப்பதற்காக. இங்கோ அவற்றையொத்த ஒரு பிராணி வெளியே போகாதிருப்பதற்காகக் கூடு தேடுகின்றோம். ஆயினும் சோதிக்கும் முறை ஒன்றுதான். தலை நுழையும் இடைவெளியூடாக இதன் உடலும் நுழைந்துவிடும். ஆகவே கம்பிகளுக்கிடையிலான இடைவெளி 2.5 சென்ரிமீற்றரை விஞ்சக்கூடாது. குட்டியாயின் அதனினும் குறைவாக இருத்தல் நன்று. கதவின் கொளுக்கியை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். இலகுவில் கழன்றால் இது மூக்கினாலேயே திறந்துவிடும். முயலுக்கென விற்கப்படும் உயரம் குறைந்த கூடுகள் மலிவானவைதாம். அவற்றை வாங்கவேண்டாம் என்பதே எமது ஆலோசனை. கண்ணாடி மீன்தொட்டியும் உதவாது. காற்றோட்டம் இன்மையால் சிறுநீரின் நெடி உள்ளேயே தங்கிச் சுவாசத்தைக் கெடுக்கும். மரக்கூடு சிறுநீரை உறிஞ்சி மாறாத நாற்றத்தைத் தரும்.

கூட்டின் தளம் கம்பியாக இருந்தால் பாதங்கள் புண்படும், நகங்கள் சிக்கும். தட்டையான தளமே வேண்டும். இல்லையேல் லினோலியத் துண்டொன்றை வெட்டி விரித்துவிடலாம். இது தனிமையை விரும்பாத பிராணியாதலால் இரண்டாக வளர்ப்பதே முறை. இரண்டிற்கு ஒரு மீற்றர் நீளமும், 60 சென்ரிமீற்றர் அகலமும், ஒரு மீற்றர் உயரமும் கொண்ட இரண்டு அல்லது மூன்று தட்டுக் கூட்டினை நாம் குறைந்தபட்சமாகக் கொள்வோம். தட்டுகளுக்கிடையே சாய்தளம் இருக்கட்டும். கீழே விழுந்தால் அடிபடும் உயரத்தை வெறுமையாக விடலாகாது.

நாளொன்றுக்கு 14 முதல் 18 மணித்தியாலங்கள் வரை உறங்கும் பிராணி இது. படுக்கைக்கு எமது பெண்கள் எவரிடமும் பாடம் கேட்கவேண்டியதில்லை. பழைய சாரமொன்றை மடித்துத் தைத்து நான்கு மூலைகளிலும் கொழுவி ஏணை கட்டிவிட்டால் அதனுள்ளே சுருண்டு கிடக்கும். நூல் பிரிந்த துணியை மாத்திரம் தவிர்த்துக்கொள்க. மலங்கழிப்பதற்கு இது மூலையொன்றையே நாடும். அம்மூலையில் தட்டு வைத்துக் கடதாசித் துகள்களை இடலாம். பைன், சீடர் மரச்சீவல் ஒவ்வாது. நீரிற் கட்டிபடும் பூனை மணலும் கூடாது.

கூட்டினை எங்கு வைப்பது? குளிரைக் காட்டிலும் வெப்பமே இதற்குப் பகை. வெப்பநிலை 30 பாகையை அண்மித்தால் உயிராபத்து நேரலாம். ஆகையால் மின்சூடாக்கியின் அருகேயும், வெயில் விழும் யன்னலோரத்திலும், கோடையில் கண்ணாடி அடைத்த பல்கனியிலும் வைக்கக்கூடாது. செத்தல் மிளகாய் தாளிக்கும் குசினியும், சாம்பிராணிப் புகை சூழும் சுவாமி அறையும் பொருந்தா. சுவாமி அறையைக் குறிப்பிட்டமையால் இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றோம். இது முற்றிலும் மாமிசபட்சணி. சோறு, பருப்பு, பழம் எவையும் இதன் குடலுக்குச் சேரா. உண்டது மூன்று, நான்கு மணித்தியாலங்களில் குடலைக் கடந்துவிடுவதால் மாமிச உணவு எந்நேரமும் கூட்டுக்குள் இருத்தல் வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் புழங்காத வீடாயின், பிராணியை வாங்குமுன் வீட்டுப் பெரியவர்களின் சம்மதத்தைப் பெறுவது உத்தமம்.

இனி நேரத்திற்கு வருவோம். கூடு எத்துணை பெரிதாயினும் அது இப்பிராணியின் படுக்கையறை மாத்திரமே. நாள்தோறும் நான்கு மணித்தியாலமாவது வெளியே விட்டு, பக்கத்திலிருந்து கவனித்தல் வேண்டும். இறப்பர், பஞ்சு ஆகியவற்றைக் கடித்து விழுங்கிக் குடல் அடைபட்டு இறப்பதும், மடக்குக் கதிரைக்குள் நசுங்குவதும், சலவை இயந்திரத்துக்குள் உறங்கிவிடுவதும் நிகழக்கூடியவை. தந்தை அதிகாலைத் துப்புரவுப் பணிக்கும், தாய் முதியோர் இல்லத்தில் மாலை முறைக்கும் செல்லும் வீட்டில் அந்த நான்கு மணித்தியாலம் எவருடையது? பிள்ளையுடையது என்று கூறிவிட முடியாது. 16 வயதிற்குட்பட்ட பிள்ளையிடம் பிராணியின் பொறுப்பைத் தனியே ஒப்படைத்தலாகாது என 2009ஆம் ஆண்டின் நோர்வே விலங்குநலச் சட்டம் பெற்றோருக்கே கட்டளையிடுகின்றது. பயனைக் கருதாது விலங்கிற்குத் தன்னளவில் மதிப்புண்டு எனவும் அச்சட்டம் கூறும். இதன் உறவினமான மிங்கினை உரோமத்திற்காகக் கம்பிக் கூடுகளில் ஆயுள் முழுவதும் அடைத்து வளர்த்த பண்ணைகளை இந்நாடு 2019இல் சட்டமியற்றித் தடைசெய்தது. 2025 பெப்ரவரி 1ஆம் திகதியுடன் அவற்றுக்கு வழங்கப்பட்ட அவகாசமும் முடிவுற்றது. பண்ணைக்கு ஆகாதெனத் தள்ளப்பட்ட வாழ்வை எமது வரவேற்பறையில் ஏற்படுத்தலாமா? அகதி முகாமின் ஒற்றை அறையில் மாதக்கணக்கில் கடிதத்திற்குக் காத்திருந்தவர்கள் இதற்கு விடை கூறட்டும். நேரம் இல்லையாயின், இல்லையென்று பிள்ளைக்குச் சொல்லிவிடுவதே நேர்மை.

வளர்ப்பதென்று தீர்மானித்தவர்கள் முதலில் தமது பொரெட்ஸ்லாக்கின் வீட்டு விதிகளைப் படிக்கவேண்டும். அங்கு பிராணிகளுக்குத் தடை இருப்பினும், தக்க காரணமிருந்து அயலவருக்கு இடையூறும் இல்லாவிடின் வளர்க்கலாம் என 2003ஆம் ஆண்டின் வீட்டுக் கூட்டுறவுச் சட்டம் இடமளிக்கின்றது. எனினும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொண்டால் பின்னர் பிணக்கு எழாது. இதன் உடல்நெடி கருத்தடை செய்தாற் குறையுமேயன்றி முற்றாக நீங்காது. பெண் பிராணிக்குக் கருத்தடை நெடிக்காக மட்டுமன்று; இணை சேராது பருவம் நீடித்தால் இரத்தச்சோகை கண்டு இறந்துவிடும். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய்க்கான தடுப்பூசியும் அவசியம். வீட்டில் எவருக்கேனும் இன்புளுவென்சா கண்டிருந்தால் அவர் கூட்டினருகே செல்லாதிருப்பாராக. மனிதரின் இன்புளுவென்சா வைரசு 1933இல் இலண்டனில் கண்டறியப்பட்டதே, நோயாளரின் தொண்டைநீர் செலுத்தப்பட்ட ஃபெரெட்டுகள் அதே நோய்க்கு ஆளானமையினால்தான்.

புதிய கூட்டின் விலை சிலரைத் தயங்கவைக்கும். இணையச் சந்தைகளில் பழைய கூடுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் குறையேதும் இல்லை. ஆனால் முன்னர் அதில் இருந்த பிராணி எந்நோயால் இறந்தது என்று கேட்டறிந்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். அலூசியன் நோயின் வைரசு வெளியிலும் நெடுநாள் உயிர்த்திருக்க வல்லது. துருப்பிடித்த கம்பியும் வளைந்த கதவும் உள்ளதை ஒதுக்கிவிடுக. தெரிவு செய்ததை வெந்நீராலும் கிருமிநாசினியாலும் இருமுறை கழுவி, நன்கு உலரவிட்டுப் பயன்படுத்தலாம். ஒரு மீற்றர் உயரக் கூட்டினை மாடிக்கு ஏற்றவேண்டுமாதலால், பகுதிகளாகக் கழற்றக்கூடியதா என்பதையும் விற்பவரிடம் கேட்டுவிட்டே வாகனத்தை ஒழுங்கு செய்யுங்கள்.