64 கிலோபிட் கணக்கு: தொலைபேசிக் கம்பியில் யாருக்கு எவ்வளவு?

புது தில்லி: பேசுவதற்காகப் பதிக்கப்பட்ட தாமிரக் கம்பியில் இணையமும் வரும் என்றானபோது, அந்தக் கம்பியை எவ்வாறு பங்கிடுவது என்பது பொறியாளர்களின் கணக்கோடு நிற்கவில்லை, மத்திய அரசின் கொள்கை முடிவாகவும் மாறியது. பிராட்பேண்ட் எனப்படும் அகண்ட அலைவரிசைக்கான அரசின் இலக்கணம் 2004-இல் வகுக்கப்பட்டு, 2013-லும் 2023-லும் திருத்தப்பட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தடத்தின் அளவு

தொலைபேசி சுமப்பது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான குரலை மட்டுமே. டிஜிட்டல் இணைப்பகம் அக்குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்களாகப் பதிகிறது. பெருக்கினால் விநாடிக்கு 64 கிலோபிட். ஓர் உரையாடலுக்கான தடம் இதுவே.

ஐ.எஸ்.டி.என். இணைப்பில் இத்தகைய தடங்கள் இரண்டு. அழைப்பைக் கட்டுப்படுத்த 16 கிலோபிட் தடம் தனி. பெரிய அலுவலகங்களுக்கான 2,048 கிலோபிட் இணைப்பு 32 பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று கால ஒழுங்குக்கு, மற்றொன்று அழைப்புச் சைகைகளுக்கு. எஞ்சிய 30 தடங்களில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். பேசுவோர் மௌனமாக இருந்தாலும், அழைப்பு முடியும் வரை தடம் அவர்களுக்கே உரியது.

வீட்டுக் கம்பியில் வந்த டி.எஸ்.எல். இணையத்தின் பங்கீடு வேறு. முதல் 4 கிலோஹெர்ட்ஸ் குரலுக்கு. அதற்கு மேல், சுமார் 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை இணையத்துக்கு. இதிலும் பெரும்பகுதி தகவலைப் பெறுவதற்கு. அனுப்புவதற்குச் சிறு பகுதியே. இணைப்பகத்திலிருந்து வீடு விலக விலக வேகமும் குறையும்.

அரசு வகுத்த இலக்கணம்

2004 அக்டோபரில் வெளியான கொள்கை, குறைந்தபட்சம் 256 கிலோபிட் வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. அதாவது, நான்கு குரல் தடங்களின் அளவு. பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். கம்பிகளைத் தனியாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதே ஆண்டில் பரிந்துரைத்தது. அரசு அதைக் கட்டாயமாக்கவில்லை. பொதுப்பணத்தில் பதித்த கம்பியைப் போட்டியாளருக்குக் கொடுப்பதா என்பது ஒரு தரப்பின் வாதம். போட்டியில்லாமல் இணையம் பரவுமா என்பது மறுதரப்பின் கேள்வி.

2010-க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் என்பது அக்கொள்கையின் இலக்கு. அந்த ஆண்டு முடிவில் எட்டப்பட்டது ஏறத்தாழ 1.1 கோடி. கீழ்வரம்பு 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. ஒரு காலத்தில் 30 பேர் பேசும் அலுவலக இணைப்புக்கு இருந்த கொள்ளளவு, இன்று ஒரு வீட்டுக்கான குறைந்தபட்ச வேகமாகிவிட்டது.

இது வெறும் சொல் விளக்கமன்று. அரசின் புள்ளிவிவரத்தில் எது பிராட்பேண்ட் இணைப்பாகச் சேரும் என்பதை இந்த வரம்பே தீர்மானிக்கிறது. வரம்பு தாழ்ந்திருந்தால் எண்ணிக்கை பெருகும், பயன் பெருகாது.

தாமிரத்தின் இடத்துக்குக் கண்ணாடி இழை வந்துவிட்ட பிறகும் கேள்வி மாறவில்லை. ஊராட்சிகளை இணைக்க 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம், ஊராட்சிக்கு 100 மெகாபிட் என்ற இலக்கோடு தொடங்கியது. எத்தனை ஊராட்சிகளுக்கு இழை சென்றது என்று அவையில் கேட்பது எளிது. அந்த இழையிலிருந்து ஒரு வீட்டுக்கோ பள்ளிக்கோ உண்மையில் எவ்வளவு சென்று சேர்கிறது என்பதே உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய துணைக்கேள்வி.