பித்தளைத் தோட்டாவும் பருவமழையும்

துப்பாக்கித் தோட்டா என்றவுடன் அதன் முனையிலுள்ள குண்டும், உள்ளே அடைக்கப்பட்ட மருந்துமே நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் தாங்கி நிற்கும் பித்தளை உறையைப் பற்றி எண்ணுவோர் சிலரே. ஆயினும், துப்பாக்கியை இயக்குபவனின் கண்ணும் முகமும் பழுதின்றி இருப்பது பெரும்பாலும் இவ்வுறையின் நலத்தைப் பொறுத்ததாகும். உறையில் மயிரிழையளவு பிளவு தோன்றினாலும், கொதிக்கும் வாயு அவ்வழியே பின்னோக்கிப் பாயக்கூடும். இத்தகைய பிளவுகள் ஒரு காலத்தில் இந்திய நாட்டின் படைக் கிடங்குகளில் பெருந்தொல்லையாய் விளைந்தன. அவற்றின் காரணத்தைத் தேடிய முயற்சி உலோக விஞ்ஞானத்தில் ஒரு புதிய அதிகாரத்தையே திறந்துவிட்டது.

உறையின் பணி

ரைபிள் உறைகளுக்குப் பெரிதும் பயன்படும் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்துள்ளன. இக்கலவை தற்செயலாக அமைந்ததன்று. மருந்து எரியும்போது, பழைய .303 ரைபிளில் சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாகிறது. அந்நொடியில் உறை விரிந்து, தோட்டா அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துவிடுகிறது. அழுத்தம் தணிந்ததும் தன் மீள்திறத்தால் சிறிது சுருங்கி, எளிதில் வெளியே எடுக்கத் தக்கதாகிறது. விரிவதற்கு இளக்கமும், சுருங்குவதற்கு மீள்திறனும் வேண்டும். இவ்விரு குணங்களும் ஒருங்கே அமைந்த உலோகம் இப்பித்தளை.

உறை உருவாகும் விதம்

பித்தளைத் தகட்டிலிருந்து வட்டத் துண்டு ஒன்றை வெட்டி, முதலில் அதனைச் சிறு கிண்ணமாகக் குழிக்கிறார்கள். பின்னர் ஒன்றைவிட ஒன்று குறுகிய அச்சுகளின் வழியே பலமுறை இழுத்து, நீண்ட குழலாக்குகிறார்கள். குளிர்ந்த நிலையில் இழுக்கப்படும் பித்தளை ஒவ்வொரு முறையும் கடினமாகிறது. ஆதலால் இடையிடையே அதனைக் காய்ச்சி இளக்க வேண்டியிருக்கிறது. கன்னார் குடத்தைத் தட்டும்போது நடுவில் நெருப்பிலிட்டு எடுப்பதும் இக்காரணம் பற்றியே.

இறுதியில் உறையின் கழுத்தைக் குறுக்கி, மருந்தை நிரப்பி, குண்டைச் செருகி இறுக்குகிறார்கள். இவ்விறுக்கம் உலோகத்தினுள்ளேயே தங்கிவிடுகிறது. பார்வைக்கு அமைதியாயிருக்கும் உறையின் கழுத்து, இழுத்துக் கட்டிய நாண்போல எப்போதும் விறைப்புற்றே நிற்கிறது. இதனை உள்தகைவு என்பர்.

மழைக்காலத்தில் தோன்றிய விந்தை

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும், பருவமழை தொடங்கியதும் இந்தியாவில் பிரிட்டிஷ் படைகளின் நடமாட்டம் குறைவது வழக்கம். அக்காலத்தில் தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டன. மழை ஓய்ந்து பெட்டிகளைத் திறந்தபோது, ஒருமுறையேனும் சுடப்படாத தோட்டாக்களில் பிளவுகள் காணப்பட்டன. பிளவுகள் பெரும்பாலும் கழுத்தின் நீளவாக்கில் ஓடின. உறையோ தேய்ந்திருக்கவில்லை, துருப்பிடித்து அரிக்கப்பட்டதாகவும் தோன்றவில்லை. முழுமையாகக் காணப்பட்ட உலோகம் தானே வெடித்திருந்தது. இந்நோய்க்குப் 'பருவப் பிளவு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்கலாயிற்று.

1921 இல் கிடைத்த விடை

இங்கிலாந்தில் உல்விச் ஆராய்ச்சித் துறையைச் சார்ந்த மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் 1921 ஆம் ஆண்டில் இப்புதிருக்கு விடை கண்டு வெளியிட்டனர். குற்றவாளி ஒன்றன்று, இரண்டு. ஒன்று, உறையின் கழுத்தில் தங்கியிருந்த உள்தகைவு. மற்றொன்று, லாயத்தின் காற்றில் கலந்திருந்த அம்மோனியா வாயு.

குதிரையின் சிறுநீரில் யூரியா என்னும் பொருள் உண்டு. நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி இதுவே. மழைக்கால ஈரம் உறையின் மீது மெல்லிய நீர்ப்படலமாகப் படிகிறது. அப்படலத்தில் அம்மோனியா கரைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு செம்பைத் தாக்குகிறது. பித்தளை எண்ணற்ற நுண்ணிய படிக மணிகள் நெருங்கி அமைந்த பொருள். தாக்குதல் அம்மணிகளின் எல்லைகளைப் பற்றி உட்செல்கிறது. விறைத்து நிற்கும் உலோகம் அவ்வெல்லையில் சிறிது திறக்கிறது. திறந்த இடத்தில் அம்மோனியா மேலும் புகுகிறது. இவ்வாறு ஒன்றுக்கொன்று துணைபோய்ப் பிளவு வளர்கிறது.

அம்மோனியா இருந்து உள்தகைவு இல்லையேல் உறை பிளவுறாது. உள்தகைவு இருந்து அம்மோனியா போன்ற நச்சு இல்லையேலும் பிளவுறாது. இரண்டும் கூடுமிடத்தே கேடு விளைகிறது. எனவே பரிகாரமும் இரு வகைப்பட்டது. கிடங்கை லாயத்தினின்று விலக்குவது முதலாவது. ஏறத்தாழ 250 டிகிரி சென்டிகிரேடு அளவான மிதவெப்பத்தில் உறையைச் சூடாக்கி உள்தகைவைத் தணிப்பது இரண்டாவது. இவ்வெப்பம் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் உலோகத்தின் வலிமையைப் பெரிதும் குறைக்காது.

தகைவு எஞ்சியுள்ளதா என்பதை அறியவும் ஒரு சோதனை உண்டு. மாதிரி உறையை மெர்குரஸ் நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தினால், தகைவு மிகுந்த பித்தளை சில நிமிடங்களிலேயே பிளவுற்று உண்மையைக் காட்டிவிடும். பாதரச நஞ்சு உடையதாதலின் இச்சோதனை ஆய்வுக்கூடத்துக்கே உரியது.

சுட்ட உறையை மீண்டும் அளவாக்கல்

வெளிநாடுகளில் குறிவிளையாட்டினர் பலர், ஒருமுறை சுட்ட உறையை அச்சிலிட்டுப் பழைய அளவுக்குக் குறுக்கி, மீண்டும் பயன்படுத்துகின்றனர். அப்போது தோன்றும் குறைகளும் மேற்சொன்ன இயல்புகளாலேயே விளைவன.

அளவாக்கிய பின்னும் உறை அறைக்குள் இறுகுமாயின், அச்சு போதிய ஆழம் செல்லவில்லை என்பது ஒரு காரணம். பன்முறை சுடப்பட்டுக் கடினமுற்ற பித்தளை, அச்சினின்று வெளிவந்தவுடன் மீண்டும் விரிந்துகொள்வது மற்றொரு காரணம். மசகு குறைந்தால் உறை அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். மிகுந்தால் எண்ணெய் ஒதுங்க இடமின்றித் தோள்பகுதியில் பள்ளம் விழும். தோளை அளவுக்கு மீறிப் பின்தள்ளினால், அடுத்த முறை சுடும்போது உறை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிகிறது. அவ்விடத்தில் பளபளப்பான வளையம் ஒன்று தென்படின், உறை அங்கே இரண்டாகப் பிரியும் தறுவாயில் உள்ளது என்று அறிந்து அதனைத் தள்ளிவிட வேண்டும். கழுத்தில் பிளவு கண்ட உறையும் அவ்வாறே தள்ளத்தக்கது. கழுத்தை மட்டும் இளக்குவது நன்மை தரும். ஆனால் அடிப்பகுதி இளகினால் அழுத்தத்தைத் தாங்காது. அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தால் உறையைத் துலக்குவது, பழைய லாயத்தை வீட்டுக்குள் அழைப்பதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடை செய்கிறது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். படைக்கலத் தோட்டாக்களை உருவாக்கும் தொழிற்சாலைகளுள் 1869 இல் தோன்றிய கிர்க்கித் தொழிற்சாலை பழமையானது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது.

இல்லத்திலும் தொழிலிலும்

இப்பாடம் துப்பாக்கியோடு நின்றுவிடவில்லை. அம்மோனியாவைக் கொண்டு குளிரூட்டும் பனிக்கட்டித் தொழிற்சாலைகளில் குழாய்களும் அடைப்பான்களும் இரும்பாலும் எஃகாலும் ஆனவை. செம்பும் பித்தளையும் அங்கே விலக்கப்படுகின்றன. உர ஆலைகளிலும் அம்மோனியா ஓடும் பாதைக்கு இதே விதி பொருந்தும். பித்தளை இன்றியமையாத இடங்களில், துத்தநாகம் நூற்றுக்கு 15 பங்குக்குக் குறைந்த வகையைத் தெரிந்தெடுப்பதும் உண்டு. அது இந்நோய்க்கு எளிதில் ஆளாவதில்லை.

ஆரணியாற்றங்கரையிலுள்ள பிச்சாட்டூர் போன்ற ஊர்களில், மாட்டுத் தொழுவம் வீட்டை ஒட்டியே அமைவது இயல்பு. தகட்டிலிருந்து தட்டியும் இழுத்தும் செய்த பித்தளைக் குடங்களையும் அண்டாக்களையும் அத்தொழுவத்தின் பரணில் மழைக்காலம் முழுதும் அடுக்கி வைப்பது நன்றன்று. காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையே அவற்றுக்கு உகந்தது. துலக்குவதற்கு நம் பாட்டிமார் கையாண்ட புளி போதும்; அதில் அம்மோனியா இல்லை.

ஓர் உலோகத்தின் வலிமையைத் தராசும் அளவுகோலும் மட்டும் காட்டிவிடுவதில்லை. அது எவ்வாறு செய்யப்பட்டது, எந்தக் காற்றில் வைக்கப்பட்டது என்பனவும் அதன் ஆயுளை வரையறுக்கின்றன. ஆகவே பொருளைச் செய்வோரைப் போலவே, அதைக் காத்து வைப்போரும் இவ்வுண்மையை அறிந்திருத்தல் வேண்டும்.