பல்லும் சொல்லும்

எழுத்துப் பிறத்தற்குரிய எட்டு உறுப்புக்களுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணும். மேற்பல் கீழிதழைத் தொடாவிடின் வகரம் செவ்வனே ஒலியாது.

இவ்விலக்கணத்தைக் கற்பிக்கும் எனக்கு, அண்மையில் தெஹிவளைச் சந்தியிற் கண்ட பழைய மாணாக்கன் ஒருவனின் பேச்சுப் பெருந்துயர் தந்தது. முப்பது வயது நிரம்பாதவன்; முன்பற்கள் கரைந்து வேரளவாய் நின்றன; சொற்கள் காற்றாய்ச் சிதறின. ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமைனே காரணமென அவனே கூறினான்.

அந்நஞ்சு நேரே பல்லை அரிக்கின்றது எனப் பலர் கருதுவர். பெரும்பாலும் நிகழ்வது வேறு. அஃது உமிழ்நீரை வற்றச் செய்கின்றது. உமிழ்நீரோ அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காக்கும் அரண். நா வறண்டவன் இனிப்புச் சோடாவை நாடுகின்றான். உறக்கமின்றிப் பல்லை நறநறவெனக் கடிக்கின்றான். நாட்கணக்கிற் பல் துலக்க மறக்கின்றான். வாயின் பீஎச் அளவு ஏறத்தாழ 5.5 இற்குக் கீழிறங்கின் பல்லின் மேலோடாகிய மிளிரி கரையத் தொடங்கும்.

5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருப்போர்க்கு மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்க 2022 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடமளித்தது. சட்டத்திற்கு அஞ்சியும் ஊருக்கு நாணியும் இளைஞர் பல் வைத்தியரிடம் உண்மை கூறார். பெற்றோரே, வைவதை விடுத்து அவர்களை உடனழைத்துச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். கரைந்த பல் மீண்டும் முளையாது, எஞ்சியவற்றையேனும் காப்போம்.