வீட்டுக் கணிப்பொறியில் விண்டோஸ் மாற்றம்: முன்னதாகச் செய்ய வேண்டியவை

கிராமங்களில் கணிப்பொறி இருக்கும் வீடுகள் இன்று பலவாகிவிட்டன. மகள் கல்லூரியிற் சேர்ந்தபோது வாங்கியதாக இருக்கலாம். அல்லது 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ்த் தமிழ்நாடு அரசு மாணவ மாணவியர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினியாக இருக்கலாம். பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் பொறி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அதன்பின் குடும்பத் தலைவி அதில் பால் கணக்கு எழுதுகிறார். ஊராட்சி உறுப்பினராகிய கணவர் தம் வார்டுக்கான மனுக்களைத் தட்டச்சுச் செய்கிறார். நிலத்தின் பத்திர நகல்களும் திருமணப் புகைப்படங்களும் அதிலேயே குடியிருக்கின்றன.

இவ்வகைப் பொறிகள் பலவற்றை இயக்குவது விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம். 2015 ஜூலையில் வெளிவந்த அதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு நிறைவுற்றது. அதன் இடத்திற்கு வந்திருப்பது, 2021 அக்டோபரில் வெளியிடப்பட்ட விண்டோஸ் 11. முறையான உரிமத்துடன் விண்டோஸ் 10 வைத்திருப்போர், பொறி தகுதியுடையதாயின், கட்டணமின்றி மாறிக்கொள்ளலாம். மாறுவது கடினமன்று. ஆயினும் முன்னேற்பாடின்றி மாறுவோர் இழப்பது சிறிதன்று என்பதனாலேயே இக்கட்டுரை எழுதலாயிற்று.

பராமரிப்பு நின்றுவிட்டது என்றால் கணிப்பொறி ஓடாது என்று பொருளன்று. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். இதனாலேயே பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஏரிக்கரையில் நண்டு வளை தோன்றிய மறுநாளே கரை உடைந்துவிடுவதில்லை அல்லவா? இயங்குதளத்தில் அவ்வப்போது காணப்படும் ஓட்டைகளை மாதந்தோறும் அடைத்துவந்த வேலை நின்றது. புதிய ஓட்டைகளைத் தேடுவோர் மட்டும் தம் வேலையை நிறுத்தவில்லை. 2017 மே 12 அன்று வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில் காவல்துறைக் கணிப்பொறிகள் சிலவும் அதில் சிக்கின. அத்தீநிரல் நுழைந்த ஓட்டைக்குரிய அடைப்பு அவ்வாண்டு மார்ச் 14 ஆம் நாளே வெளியிடப்பட்டிருந்தது. அதனை நிறுவியிருந்த பொறிகளில் அவ்வழியே அது நுழைய இயலவில்லை.

மாற்றத்தைத் தொடங்குமுன் பொறியின் தகுதியை அறிய வேண்டும். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் குறைந்த அளவாகக் கூறப்பட்டுள்ளன. இவை பெரும்பாலும் தடையாக அமைவதில்லை. தடையாக வருபவை வேறு இரண்டு. ஒன்று, செயலி: இன்டெல் வகையில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டவையுமே ஏற்கப்படுகின்றன, அத்தலைமுறை சந்தைக்கு வந்தது 2017 ஆம் ஆண்டில்தான். மற்றொன்று, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு. பல பொறிகளில் இது இருந்தும் முடக்கப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் நாமே ஆராய்ந்து துன்புற வேண்டியதில்லை. மைக்ரோசாப்டின் இணையதளத்தில் விலையின்றிக் கிடைக்கும் ‘பி.சி. ஹெல்த் செக்’ என்னும் செயலியை நிறுவி இயக்கினால், தகுதி உண்டா இல்லையா என்பதை அதுவே கூறிவிடும்.

2017-க்கு முன் வாங்கிய பொறியாயின் ‘தகுதி இல்லை’ என்னும் விடையையே எதிர்பார்க்கலாம். சில கடைகளில் அத்தகைய பொறியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகின்றனர். நிறுவனம் ஆதரிக்காத அம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னர் வரும் புதுப்பிப்புகள் அதில் தடைபடக்கூடும். பழைய பொறி வைத்திருப்போர்க்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் உள்ளன; நமது நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், இணையம் பார்க்கவும் இவை போதும். வீட்டுப் பயனாளர்க்கெனக் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது 2026 அக்டோபர் 13 வரை என வரையறுத்து, தவணை நீட்டிப்பாக அறிவிக்கப்பட்டதேயன்றி நிலையான தீர்வன்று.

பொறி தகுதியுடையதே எனக் கொள்வோம். அடுத்து வருவது நகலெடுக்கும் வேலை. இக்கட்டுரையின் மையமும் இதுவே.

விதைநெல்லை ஒரே குதிரில் கொட்டிவைக்கும் குடியானவர் இல்லை. ஆனால் அவரே பதினைந்து ஆண்டுக் கணக்கையும் படங்களையும் ஒரே கணிப்பொறியில் வைத்துக்கொண்டு கவலையின்றி உறங்குகிறார்! முதலில், எவை மீண்டும் கிடைக்கும், எவை கிடைக்கா எனப் பிரித்தறிய வேண்டும். பட்டா, சிட்டா நகல்களை அரசின் இணையதளத்தில் எப்போது வேண்டுமாயினும் எடுக்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் பெறலாம். ஆதார் அட்டையும் அவ்வாறே. இவை அழிந்தால் சிறு தொல்லை, அவ்வளவே. மறைந்த தாயாரின் படம், அண்ணன் தம்பியர் கையொப்பமிட்ட பாகப்பிரிவினைக் குறிப்பின் நகல், நம் கையால் எழுதிய சாகுபடிச் செலவுக் கணக்கு ஆகியவற்றை எந்த அலுவலகமும் திரும்பத் தர இயலாது. இவற்றையே முதலில் எடுத்துவைக்க வேண்டும்.

கோப்புகள் இருக்கும் இடத்தைப் பற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு. “எங்கள் பொருள் எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது” என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய மூன்றும் இயல்பாக இருப்பது சி டிரைவில். திரையில் கண்ணெதிரே காணும் கோப்புகளே முதலில் அழியக்கூடியவை என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். விண்டோஸ் அப்டேட் வழியாக மாறும்போது கோப்புகளும் செயலிகளும் பொதுவாக அப்படியே நிற்கும். கடைகளில் ‘பார்மட் அடித்தல்’ என்று கூறப்படும் முறையோ வேறு. அதில் சி டிரைவு முழுவதும் துடைக்கப்படும். கடைக்காரர்க்குப் பார்மட் அடிப்பது விரைவான வேலை. அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. எம்முறையில் மாற்றப் போகிறார் என்பதைப் பொறியைக் கையில் கொடுக்குமுன் கேட்டறிவது உடையவர் கடமை.

நகலுக்குப் பென் டிரைவை விட வெளி ஹார்டு டிஸ்க் நன்று. பென் டிரைவில்தான் எடுப்போம் என்பவர்கள், பழைய வகை அமைப்புடைய பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதை அறிக. திருமண வீடியோ பெரும்பாலும் இங்கேதான் தடைபடும். படம் ஏறவில்லை என்ற செய்தியைக் கவனியாமல் மூடிவிட்டு, எல்லாம் ஏறிவிட்டதாக எண்ணுவோர் உண்டு. நகலெடுத்தபின் அதனை வேறொரு கணிப்பொறியிற் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் சேர்க்கலாகாது.

அடுத்தது சாவி பற்றியது. இக்காலப் பொறிகள் பலவற்றில் ஹார்டு டிஸ்க்கின் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். உடையவர் அறியாமலே, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்த அன்றே, இது தொடங்கியிருக்கலாம். டி.பி.எம். போன்ற அடிப்படை அமைப்புகளை மாற்றினால், பொறி திடீரென 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்கும். எங்கள் வட்டாரத்தில் கரும்பு விவசாயி ஒருவர்க்கு இதுவே நேர்ந்தது. கடையில் ஏதோ ஓர் அமைப்பை மாற்றினர். மறுநொடி நீலத் திரையில் எண் கேட்டது. கணக்கைத் தொடங்கித் தந்தவர் அக்காள் மகன். அதற்குக் கொடுத்த கைப்பேசி எண் வழக்கொழிந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கடவுச்சொல் எவர்க்கும் நினைவில்லை. “என் வீட்டுப் பூட்டை நானே உடைக்க முடியாதா, ஐயா?” என்று என்னிடம் கேட்டார். முடியாது என்பதே உண்மை. ஆலைக்குக் கரும்பு அனுப்பிய எடைச் சீட்டு நகல்களும் குடும்பப் படங்களும் இருந்தபடியே இருந்தும், அவர்க்கு இல்லாதனவாயின. இறுதியில் எல்லாவற்றையும் அழித்தே பொறியை மீட்டனர்.

ஆகவே, தொடங்குமுன் மைக்ரோசாப்ட் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் தெரியுமா என்றும், அதிற் பதிந்துள்ள கைப்பேசி எண் இன்று நம் கையில் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். கணக்கின் இணையப் பக்கத்தில் மீட்பு எண் சேமிக்கப்பட்டிருந்தால் அதனைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைக்கலாம். அதே கணிப்பொறியில் சேமித்து வைப்பதால் பயனில்லை.

தமிழில் எழுதுவோர்க்குத் தனியாக ஒரு சொல். இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் எழுதியவை எப்பொறியிலும் திறக்கும். அதற்கு முன் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களிலும், 1999 ஆம் ஆண்டுத் தரப்பாட்டைச் சார்ந்த எழுத்துருக்களிலும் எழுதப்பட்ட தீர்மானங்களும் மனுக்களும் இன்னும் பலரிடம் உள்ளன. அவ்வெழுத்துரு பொறியில் இல்லையெனில் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென எண்ணி அழித்துவிடக் கூடாது. அந்த எழுத்துருக் கோப்புகளையும் நகலில் சேர்த்துக்கொள்க. நேரம் கிடைக்கும்போது பழையவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நன்று. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலேயே உள்ளது. அதற்கெனத் தனிச் செயலி தேவையில்லை.

மேற்கூறியவை வீட்டுக் கணிப்பொறிக்கு மட்டும். ஊராட்சி அலுவலகக் கணிப்பொறியை எவரும் தாமாக மாற்றலாகாது. ஒன்றிய அலுவலகத்தைக் கேட்டே செய்ய வேண்டும். மின் கையொப்பச் சாவியை வீட்டுப் பொறியிற் பயன்படுத்துவோர், அதற்குரிய மென்பொருள் விண்டோஸ் 11-க்கு உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்க. பழைய பிரிண்டர்க்கும் இதுவே பொருந்தும்.

நாள் குறிப்பதிலும் கருத்து வேண்டும். இறக்க வேண்டிய தரவு பல ஜி.பி. அளவினது, கைப்பேசி இணைப்பில் நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. மட்டும் உடையவர் இதில் இறங்க வேண்டாம். கம்பி இணைப்புள்ள இடத்திற்குப் பொறியை எடுத்துச் செல்க. அல்லது அங்கேயே 8 ஜி.பி. பென் டிரைவில் நிறுவற் கோப்பைத் தயாரித்து வருக. வேலை முடியச் சில மணி நேரம் ஆகலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைச் செய்தித்தாளிற் பார்த்து அதனைத் தவிர்க்க வேண்டும். மடிக்கணினியை மின்னிணைப்பிலேயே வைத்திருக்க வேண்டும். மேசைக் கணிப்பொறிக்குச் சாதாரண யு.பி.எஸ். சில நிமிடங்களே தாங்கும் என்பதால் இன்வெர்டர் உள்ள வீட்டில் செய்வது பாதுகாப்பானது. கிராம சபைக்கு முந்திய வாரமும், கொள்முதலுக்குப் பதிவு செய்ய வேண்டிய நாட்களும் இதற்கு உகந்தவையல்ல.

மாற்றம் செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் வழியாகவோ மைக்ரோசாப்டின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டுமே வரும். “உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, உடனே கட்டணம் செலுத்துங்கள்” எனத் தொலைபேசியில் அழைப்பவர் மோசடிக்காரரே. பணம் போய்விட்டதாயின் தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் புகார் கூற வேண்டும்.

மாறியபின் பிரிண்டர், மின் கையொப்பம், பழைய தமிழ்க் கோப்பு ஒன்று, வங்கித் தளம் ஆகியவற்றை அன்றைக்கே இயக்கிப் பார்க்க வேண்டும். அன்றைக்கே என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒத்துவரவில்லையெனில் செட்டிங்ஸில் ‘ரெக்கவரி’ என்னும் பகுதியிற் சென்று பழைய விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். ஆனால் அவ்வழி பத்து நாட்களே திறந்திருக்கும். அதன்பின் பழைய அமைப்பைத் தாங்கிய கோப்புறை இடத்தை மிச்சப்படுத்தத் தானாக நீக்கப்பட்டுவிடும். எடுத்துவைத்த நகலை அப்பத்து நாட்களும் கழியும்வரை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் தனியே வைத்திருங்கள்.