வாடகை வீடும் வாய்மொழி உடன்பாடும்

ஆயுட்காலச் சேமிப்பை ஒன்றிரண்டு வீடுகளில் போட்டுவிட்டு, அவற்றின் வாடகையை ஓய்வூதியம்போல் நம்பியிருப்போர் தமிழ்நாட்டு நகரங்களில் ஏராளமாக உள்ளனர். இவர்களுக்கு நேரும் இழப்பில் பெரும்பங்கு, வாடகை குறைவாக இருப்பதால் அன்றி, கணக்கிடாமலும் எழுதிவைக்காமலும் விட்டவற்றால் நேர்வதாகும். 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஓர் அடுக்குமாடி வீடு மாதம் 15,000 ரூபாய்க்கு விடப்படுவதாகக் கொண்டால், ஆண்டு வாடகை 1.80 லட்சம், அதாவது முதலீட்டில் 3 விழுக்காடு. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்து, வெள்ளையடிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் 20,000 ரூபாயும் சொத்துவரிக்கு 5,000 ரூபாயும் செலவானால், கையில் நிற்பது 1.40 லட்சம், விழுக்காடோ இரண்டரைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வீட்டுக்கடன் வட்டி இதைப்போல் மும்மடங்குக்கும் மேல் இருக்கும் நிலையில், கடன் வாங்கி வீடு வாங்கி வாடகையாலேயே தவணையைக் கட்டிவிடலாம் என்னும் எண்ணம் பெரும்பாலும் நிறைவேறுவதில்லை. இந்த முதலீட்டின் ஆதாயம் மனை விலை உயர்வைச் சார்ந்தது. வாடகை அதற்குத் துணை மட்டுமே.

வாடகையை 500 ரூபாய் கூட்டிக் கேட்பதற்காக நல்ல குடித்தனக்காரரை இழப்பது ஏன் தவறான கணக்கு என்பதும் இதிலிருந்து விளங்கும். அந்த 500 ரூபாய் ஆண்டு முழுவதற்கும் 6,000 ரூபாய்தான். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் போவது 15,000 ரூபாய், தரகர் கூலி தனி.

வாடகை உறவை இன்று ஆள்வது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஆகும். அரசே நியாய வாடகையை நிர்ணயிக்க வழிசெய்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், வாடகையை இருதரப்பின் உடன்பாட்டுக்கே விட்டுவிட்டு, அதற்கு ஈடாக ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும் என்றும், வாடகை அதிகார அமைப்பிடம் அது பதிவாக வேண்டும் என்றும் விதித்தது. பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும் என்னும் நம்பிக்கை இன்னும் பரவலாக உள்ளது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணங்களைச் சார்பதிவாளரிடம் பதிவுசெய்ய வேண்டும் என்கிற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்ப்பதற்காக எழுந்தது அவ்வழக்கம். புதிய சட்டமோ கால அளவைப் பார்ப்பதில்லை. ஆகவே பதினோரு மாதத் தாளுக்கும் வாடகைப் பதிவு எண் பெற்றாக வேண்டும். பெறாதவர், வழக்கு என்று வரும்போது தம் ஒப்பந்தத்தையே சான்றாக முன்வைக்க இயலாமல் தடுமாற நேரும்.

முன்பணம் பற்றிய தெளிவு இதனினும் தேவையானது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் நெடுநாள் வழக்கம். சட்டம், ஒப்பந்தத்தில் வேறாக உடன்பட்டிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தங்கள் போக, அதைத் திருப்பித் தரவும் சொல்கிறது. அந்தத் தொகை எந்நாளும் கடனே. அதைச் செலவழித்துவிட்டு, அடுத்துக் குடிவருபவரின் அட்வான்ஸை எதிர்பார்த்திருப்பவர், முந்தையவரைக் காத்திருக்க வைத்து வீண் பகையைத் தேடிக்கொள்கிறார். பிடித்தம் பற்றிய பூசல்களைத் தவிர்க்க, குடிவரும் நாளிலேயே சுவர், குழாய், மின்விசிறி, கதவுப்பூட்டு ஆகியவற்றின் நிலையைப் படமெடுத்து, பட்டியலில் இருவரும் கையொப்பமிடுவது எளிய வழி.

பெருந்தொகையை வாங்கிக்கொண்டு மாத வாடகையே இல்லாமல் வீட்டைக் கொடுக்கும் முறை சென்னையில் ‘லீஸ்’ என்றும் பிற ஊர்களில் ஒத்தி, போக்கியம் என்றும் வழங்குகிறது. 10 லட்சம் ரூபாய்க்கு வீட்டை ஒத்திக்கு விட்டவர், அப்பணத்தை 9 விழுக்காடு வட்டியுள்ள வீட்டுக்கடனில் கட்டிவிட்டால், மாதம் 7,500 ரூபாய் மிச்சம். அந்த வீட்டின் சந்தை வாடகை 12,000 ரூபாயாக இருந்தால் மாதந்தோறும் 4,500 ரூபாய் நட்டம். மகள் திருமணத்துக்கே அத்தொகை செலவாகிவிட்டால் நட்டம் இன்னும் பெரிது. மேலும் சுவாதீன அடமானமாக அமையும் ஒத்தியை 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி பதிவுசெய்ய வேண்டியிருக்க, வெறும் தாளில் முடித்துக்கொள்வதே நடைமுறையாக இருப்பது இருதரப்புக்கும் ஆபத்து.

வாடகை பாக்கி விழும்போது குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. ஆத்திரத்தில் இதைச் செய்பவர், நியாயம் தம் பக்கம் இருந்தும் குற்றம்சாட்டப்படுபவராகிவிடுகிறார். இரண்டு மாத வாடகை பாக்கியானால், அறிவிப்பு அனுப்பியபின் வாடகை நீதிமன்றத்தை நாடி வீட்டை மீட்கலாம். வாடகையை ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியே பெற்றிருந்தால், பாக்கியை மெய்ப்பிக்க வங்கிக் கணக்கு அறிக்கையே போதுமானது.

வருமான வரியில் வீட்டு உரிமையாளருக்கு ஒரு சலுகை உண்டு. வாடகையிலிருந்து, தாம் உண்மையில் கட்டிய சொத்துவரியைக் கழித்தபின், எஞ்சுவதில் 30 விழுக்காடு பராமரிப்புக்கென ரசீது ஏதும் கேட்காமலே கழிக்கப்படுகிறது. செலவு அதைவிடக் கூடினாலும் கூடுதல் கழிவு கிடையாது. வீட்டுக்கடன் வட்டியையும் கழிக்கலாம். அதனால் நட்டம் வந்தால், பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை சம்பளம் போன்ற பிற வருமானத்தில் ஈடுசெய்யலாம், புதிய முறையில் அவ்வழி இல்லை. உரிமையாளர் வெளிநாட்டில் குடியிருப்பவராயின், வாடகை எவ்வளவு சிறிதாயினும் குடியிருப்பவரே 30 விழுக்காடு வரியையும் அதன்மேல் கூடுதல் தீர்வையையும் பிடித்துச் செலுத்த வேண்டியிருப்பதால், பலர் அத்தகைய வீடுகளுக்கு வரவே தயங்குகின்றனர்; குறைந்த விகிதத்தில் பிடித்தம் செய்வதற்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே பெற்றுக் கையளிக்கும் உரிமையாளருக்குக் குடித்தனக்காரர் கிடைப்பது எளிது.