வெங்காயத்தின் பகைவரும் காவலரும்

தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய வெங்காயம் மாத்தளை கடந்து ஏ9 வீதி வழியே அக்குறணையைத் தொடும். வயலில் அதற்குத் தொல்லை தரும் இரண்டு பூச்சிகள் இவை.

பனிப்பூச்சி (இலைப்பேன்): நீளம் 1 மில்லிமீற்றர் அளவு. நடுத்தாள்களின் இடுக்கில் ஒளிந்து, தாளைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும். வெள்ளிக் கோடுகளே அடையாளம். வரட்சியில் பெருகும், பலத்த மழை கழுவிவிடும்.

படைப்புழு: குழல் போன்ற தாளுக்குள் புகுந்து, உட்சதையைத் தின்று, கண்ணாடிபோன்ற வெளித்தோலை மட்டும் விட்டுவைக்கும். முட்டைக் குவியல்களைக் கையால் பொறுக்கி அழிக்கலாம்.

காவலர்கள்: பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் பனிப்பூச்சியைத் தின்னும். ஒட்டுண்ணிக் குளவிகள் படைப்புழுவுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் அதை உள்ளிருந்தே தின்றுவிடும்.

மலைநாட்டின் பாடம்: தேயிலைச் சுருட்டுப்புழுவை அடக்க 1935-36 காலத்தில் ஜாவாவிலிருந்து ஒரு குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. புழு அடங்கியது. பிற்காலத்தில், தண்டு துளைக்கும் வண்டுக்கு அடித்த டில்ட்ரின் மருந்து குளவியையும் கொன்றது. சுருட்டுப்புழு மறுபடி பெருகியது.

மருந்து தெளிக்குமுன் தாளை விரித்துப் பாருங்கள். பொறிவண்டு தென்பட்டால் சில நாள் பொறுங்கள்.